குறை இருப்பதாக நடிப்பவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

“அந்தப் பெடியனுக்கு ஒரு வருத்தமும் இல்லைச் சுவாமி. காசு கிடைக்குமெண்டு தாய்தான் அவனை அப்பிடி இருக்கப் பண்ணுறா.”

சில வருடங்களுக்கு முன், மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் உதவிப் பட்டியல் தயாரிக்கும் கூட்டம் முடிந்து எழும்பும் வேளையில் ஒருவர் எமது காதோடு சொன்ன வார்த்தைகள் இவை. சொன்னவர் பொல்லாத மனிதர் அல்லர். பல தடவை இடம்பெயர்ந்து, வயலும் கிணறும் பற்றை மூடிக் கிடக்க, கூலி வேலைக்குப் போய்ச் சீவிப்பவர். பட்டியலில் தமது பெயர் இல்லை, பக்கத்து வளவுக்காரரின் பெயர் இருக்கிறது என்ற ஆற்றாமை அவருக்கு.

அந்தப் பையனுக்கு அப்போது பதினாறு வயது. பார்த்தால் வாட்டசாட்டமான இளைஞன். ஆடு மேய்க்கிறான், தண்ணீர் அள்ளுகிறான், ஆளைக் கண்டால் சிரிக்கிறான். ஆனால் ஐம்பது ரூபாவுக்கும் நூறு ரூபாவுக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறார் தாய். கையிழந்தவர், காலிழந்தவர் என்றால் கண்ணால் கண்டு எழுதிவிடலாம். உள வளர்ச்சி குன்றியவர் என்றால் எதைக் கண்டு எழுதுவது? வேண்டுமென்றே ஒருவர் அப்படி நடித்தால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்ட நாம் முதலில் போய் நின்ற இடம் ஸ்பெயின் நாடு.

சிட்னியில் வென்ற தங்கம்

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பராலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. உடற்குறை உள்ளவர்களுக்கென்று தொடங்கப்பட்ட இவ்விழாவில், 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்தபோதுதான் உள வளர்ச்சி குன்றியவர்களும் முதன்முதலாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சிட்னியில் அவர்களுக்கான கூடைப்பந்தாட்டமும் இடம்பெற்றது. இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவை 87க்கு 63 என்ற கணக்கில் வென்று ஸ்பெயின் தங்கப் பதக்கம் பெற்றது.

அணியினரின் படம் பத்திரிகைகளில் வந்தது. படத்தைப் பார்த்த சிலர், “இவரை எமக்குத் தெரியுமே, இவருக்கு என்ன குறை?” என்று கேட்கத் தொடங்கினார்கள். நாடு திரும்பும்போது தாடி வளர்த்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வரும்படி வீரர்களுக்குச் சொல்லப்பட்டதாம். நவம்பர் மாதத்தில் விடயம் முழுதாக வெடித்தது. வெடிக்கச் செய்தவர் அதே அணியில் ஆடிய கார்லோஸ் ரிபகோர்டா. அவர் ‘கப்பிற்றல்’ என்ற சஞ்சிகையின் பத்திரிகையாளர். எவ்விதக் குறையும் இல்லாதவர். இரண்டு வருடங்களுக்கு மேலாக அந்த அணிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்து வந்து எழுதினார். பன்னிரண்டு வீரர்களில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பதே அவர் எழுதியதன் சாரம். வேறு சில போட்டிகளிலும் இவ்வாறு ஆட்கள் நுழைக்கப்பட்டார்கள் என்றும் அவர் சொன்னார்.

அவர்களை எவ்வாறு பரிசோதித்தார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். ரிபகோர்டா எழுதியபடி, தமக்குச் செய்யப்பட்ட ஒரே பரிசோதனை, தரையில் கைகளை ஊன்றி ஆறு தண்டால் எடுக்கச் சொன்னதும், பிறகு இரத்த அழுத்தம் பார்த்ததும்தான். புத்திக்கூர்மையை அளக்கும் எந்தச் சோதனையும் நடக்கவில்லை. தாள்கள் நிரப்பப்பட்டன, கையெழுத்து விழுந்தது, முத்திரை குத்தப்பட்டது. ஓர் ஆட்டத்தில் ஸ்பெயின் மிக அதிகப் புள்ளிகளால் முந்திப் போனபோது, வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று கண்டுகொள்வார்கள் என்று பயிற்றுநரே சொன்னதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

அந்தத் தாள்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் பெர்னாண்டோ மார்ட்டின் விசென்டே. உள வளர்ச்சி குன்றியோருக்கான ஸ்பானிய விளையாட்டுச் சம்மேளனத்தின் தலைவர். அதுமட்டுமல்ல, அதே துறையின் உலக அமைப்புக்கும் அவரே தலைவர். அதாவது, கள்ளனைப் பிடிக்க வேண்டிய காவற்காரனும் களவு நடந்த வீட்டின் சொந்தக்காரனும் ஒரே ஆள். அவர் பதவி விலகினார். வழக்கு இழுபட்டு, 2013இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 5,400 யூரோ தண்டம். அரசிடமிருந்து மானியமாகப் பெற்ற 142,355 யூரோவைத் திருப்பிச் செலுத்தும்படியும் கட்டளை. கூட இருந்த மற்றவர்கள் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

வாசகர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோசடி செய்தது குறைபாடு உள்ளவர்களும் அல்ல, அவர்களின் தாய் தகப்பனும் அல்ல. பதக்கம் வந்தால் மானியம் வரும் என்று கணக்குப் பார்த்த பெரிய கதிரைக்காரர்கள். ஆனால் தண்டனை யாருக்குப் போயிற்று? அணியில் உண்மையாகவே குறைபாடு உடைய இருவர் இருந்தார்கள். அணியின் பதக்கம் பறிக்கப்பட்டபோது அவர்களுடையதும் போயிற்று. அத்தோடு நிற்கவில்லை. யாரை நம்புவது என்று தெரியாமல், உள வளர்ச்சி குன்றியோருக்கான போட்டிகள் யாவற்றையும் சர்வதேசப் பராலிம்பிக் குழு 2001இல் நிறுத்தி வைத்தது. 2004இல் ஏதென்ஸ், 2008இல் பீஜிங் என்று இரண்டு விழாக்கள் கழிந்தன. ஒரு விளையாட்டு வீரனின் நல்ல வயது எட்டு வருடத்தில் முடிந்துவிடும். 2009இல் மீண்டும் அனுமதிக்கத் தீர்மானித்து, 2012இல் லண்டனில்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். அதுவும் ஓட்டம் முதலான மெய்வல்லுநர் போட்டிகள், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்றுக்கு மட்டும். கூடைப்பந்தாட்டம் 2024 பாரிஸ் விழா வரையிலும் திரும்பவில்லை.

குறைத்துக் காட்டலாம், கூட்டிக் காட்ட முடியாது

இனி, நடிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற விடயத்துக்கு வருவோம்.

ஒருவர் உள வளர்ச்சி குன்றியவர் என்று சொல்ல மூன்று விடயங்கள் ஒன்றுசேர வேண்டும். முதலாவது, புத்திக்கூர்மைச் சோதனையில் மிகக் குறைந்த புள்ளி. இச்சோதனைகளில் சராசரி மனிதருக்கு 100 புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். 70 அளவில் அல்லது அதற்குக் கீழே எடுப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் வரையில்தான். விளையாட்டுத் துறையில் 75 என்று எல்லை போட்டார்கள். இரண்டாவது, அன்றாட வாழ்க்கையைத் தானே கொண்டு நடத்துவதில் உள்ள இடர்ப்பாடு. மூன்றாவது, இந்நிலை பிற்காலத்தில் வந்ததாக இல்லாமல், பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். நெடுங்காலம் 18 வயதுக்கு முன் என்று சொல்லி வந்தார்கள். இத்துறையிலுள்ள அமெரிக்கச் சங்கம் 2021இல் அதை 22 என்று மாற்றியது.

முதலாவதை நடிப்பது இலகு. விடை தெரிந்தும் தெரியாது என்று சொன்னால் புள்ளி தானே இறங்கும். ஆனால் தெரியாத விடையைத் தெரியும் என்று எவராலும் நடிக்க முடியாது. பாரம் தூக்குவதைப் போல இது. ஐம்பது கிலோ தூக்கக்கூடியவர் பத்துக் கிலோவுக்கே முக்கி முனகலாம். பத்துக் கிலோதான் தூக்கக்கூடியவர் எவ்வளவு நடித்தாலும் ஐம்பதைத் தூக்க மாட்டார். ஆகவே, எப்பொழுதோ ஒரு நாள் ஐம்பதைத் தூக்கியதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் போதும். சித்தியடைந்த பழைய பரீட்சை, கடையில் கணக்கு எழுதிய கொப்பி, எழுத்துச் சோதனை எழுதிப் பெற்ற சாரதி அனுமதிப்பத்திரம் போன்றவற்றைத்தான் விசாரிப்பவர்கள் முதலில் தேடுகிறார்கள்.

நடிப்பவர் செய்யும் தவறுகளிலும் ஒரு சாயல் உண்டு. உண்மையாகக் குறைபாடு உள்ளவர் பொதுவாக இலகுவான கேள்விகளைச் செய்து, கடினமானவற்றில் நின்றுவிடுவார். நடிப்பவருக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. இலகுவானதைத் தவறவிட்டு, கடினமான ஒன்றை அறியாமலே சரியாகச் சொல்லிவிடுவார். ஒரு கிழமை கழித்துத் திரும்பக் கேட்டால் போன தடவை எதில் பிழைவிட்டார் என்பது அவருக்கே நினைவிராது. ஜேர்மனியில் கான்சர் என்ற வைத்தியர், சிறைக் கைதிகளிடம் கண்ட ஒரு விசித்திரத்தை 1898இல் எழுதி வைத்தார். கேள்வி விளங்கியது என்பதற்கு அவர்களின் விடையே சாட்சி, ஆனால் விடை பிழை. குதிரைக்கு எத்தனை கால் என்றால் மூன்று என்பது போல. அது நடிப்பா, நோயா என்ற வாதம் வைத்தியர்களிடையே நூறு வருடத்துக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை.

இதைவிடக் கெட்டித்தனமான ஒரு முறை இருக்கிறது. 1996இல் கனடாவில் டொம்போ என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இது. ஐம்பது பொருள்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பின்பு இரண்டு படங்களைச் சேர்த்துக் காட்டி, இவற்றில் முன்னர் பார்த்தது எது என்று கேட்பார்கள். பார்ப்பதற்குப் பெரிய சோதனை போல இருக்கும், உண்மையில் மிக இலகு. மூளையில் அடிபட்டவர்கள்கூடப் பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றுமே நினைவில்லாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் ஐம்பதில் ஏறக்குறைய இருபத்தைந்து சரி வரும். நாணயத்தைச் சுண்டுவதைப் போலத்தான். அப்படியிருக்க ஒருவருக்குப் பதினைந்துதான் சரி வந்தது என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் பேர் செய்தாலும் மூன்று நாலு பேருக்கு மேல் அப்படி நேராது. அவர் சரியான விடையைத் தெரிந்துகொண்டே அதை விலக்கியிருக்கிறார் என்றுதான் கருத வேண்டும்.

இதிலும் ஆபத்து உண்டு. இவ்வகைச் சோதனைகள் பெரும்பாலும் தலையில் அடிபட்டதாக வழக்கு வைத்து நட்டஈடு கேட்பவர்களுக்காக ஆக்கப்பட்டவை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அந்திரே ரே என்பவர் ஆக்கிய பதினைந்து உருக்களின் சோதனை அவற்றுள் பழையது. நடிப்பவரைப் பிடிக்கவென்று வைத்த அந்த வலையில், உண்மையாகவே உள வளர்ச்சி குன்றியவர்கள் நிறையப் பேர் அகப்பட்டுக்கொள்கிறார்கள் என்று பின்னர் தெரியவந்தது. அவர்களுக்கு அது இலகுவான சோதனையே அல்ல. ஆகவே ஒரு தாளில் விழுந்த புள்ளியை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யன் என்று எழுதுவது அறிவும் அல்ல, நீதியும் அல்ல.

ஸ்பெயின் விவகாரத்துக்குப் பின், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் உட்படப் பல இடத்து ஆராய்ச்சியாளர்கள் கூடி வேறு வழி பார்த்தார்கள். வீட்டில் நிரப்பிய தாளோடு விட்டுவிடாமல், போட்டி நடக்கும் இடத்தில் மீண்டும் சோதிப்பது, கணினி மூலம் நினைவாற்றலையும் தீர்மானம் எடுக்கும் வேகத்தையும் பார்ப்பது, பிறகு ஆட்டத்தையே கவனிப்பது. நீண்ட ஓட்டத்தில் பலத்தை எங்கே சேமித்து எங்கே செலவழிப்பது என்று திட்டமிட மூளை வேண்டும். மேசைப்பந்தில் எதிராளியின் பந்து எப்படிச் சுழன்று வருகிறது என்று கணித்து அடிக்க மூளை வேண்டும். சோதனை அறையில் தெரியாதவராக நடித்துவிட்டு மைதானத்தில் கெட்டிக்காரராக ஓடுபவர் இங்கே அகப்படுவார். வெல்லவும் வேண்டும், மந்தமாகவும் தெரிய வேண்டும் என்றால் இரண்டும் பொருந்தாது அல்லவா?

மறைப்பவர்களே அதிகம்

2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உள வளர்ச்சி குன்றியவர்களுக்கு மரண தண்டனை விதிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆறு நீதியரசர்கள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். மறுத்தவர்களில் ஒருவரான நீதியரசர் ஸ்காலியா, இக்குறைபாட்டை இலகுவாக நடிக்கலாமே, இனிக் கைதிகளெல்லாம் நடிக்கப் போகிறார்கள் என்ற கருத்தை எழுதினார். உயிர் தப்புவதற்கு நடிக்க மாட்டார்களா என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் பரிசோதிக்கும் உளவியலாளர்கள் பலர் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறார்கள். இம்மக்கள் தம் குறையைக் கூட்டிச் சொல்பவர்கள் அல்லர், ஒளிப்பவர்கள். மடையன் என்று பெயர் கேட்பதைவிடக் குற்றவாளி என்று பெயர் கேட்கவும் சம்மதிப்பார்கள்.

றொபேட் எட்ஜேர்ட்டன் என்ற மானிடவியலாளர் கலிபோர்னியாவில் பராமரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து வெளியே விடப்பட்டவர்களோடு பழகி, 1967இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட ஒரு காட்சியை நாம் மறக்கவில்லை. நேரம் பார்க்கத் தெரியாதவர்கள் கைக்கடிகாரம் கட்டியிருந்தார்கள். நேரம் அறிய வேண்டுமானால் கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, என்னுடையது நின்றுவிட்டது, மணி ஒன்பது ஆகிவிட்டதா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்களாம். எங்கள் ஊரில் படிவத்தை நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன், நீங்களே வாசித்துச் சொல்லுங்கோ என்பவர்கள் எத்தனை பேர்!

ஆகவே நடிப்பைத் தேடிப் போகும் கண், நடக்கத் தெரிந்தவர் போல் மறைத்து நிற்பவரைத் தவறவிடுகிறது. அந்தப் பையன் சிரித்ததும் ஆடு மேய்த்ததும் எமக்கு அப்போதுதான் வேறு விதமாகத் தெரிந்தன.

காகிதம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

மேலே சொன்ன மூன்றில் எம் குடும்பங்களை வருத்துவது மூன்றாவதுதான். பிள்ளைப் பருவத்தில் தொடங்கியது என்பதைக் காட்டக் காகிதம் கேட்கிறார்கள். தாயிடம் கேட்டபோது, “எல்லாம் மாத்தளனிலை விட்டிட்டு வந்தனாங்கள் சுவாமி. பிள்ளையைத் தூக்கிறதோ, பையைத் தூக்கிறதோ?” என்றார். 2009இல் அவனுக்கு நாலு வயது. வளர்ச்சி அட்டை, தடுப்பூசி அட்டை, பிறப்புப் பத்திரம் யாவும் அங்கே போயின.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடம்பெயர்ந்து, மரத்தின் கீழும் முகாமிலும் படித்து, வருடக்கணக்கில் பள்ளிக்கூடம் காணாத பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் வராது. அது உள வளர்ச்சிக் குறைவு அல்ல. செல் விழுந்த சத்தத்தில் பேச்சடங்கிப் போன பிள்ளையும் அப்படித் தெரியலாம். வேற்று மொழியில் கேட்ட கேள்விக்கு விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையும் அப்படித் தெரியலாம். பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் சோதிக்கும்படி கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

காகிதம் இல்லாவிட்டால் ஆட்கள் சாட்சி. இது நாம் சமாதானத்துக்குச் சொல்வதல்ல. அமெரிக்காவில் நியூ ஜேர்சியின் வைன்லாந்து பாடசாலையில் எட்கார் டோல் என்பவர் 1935இல் வகுத்த முறையே இதுதான். பிள்ளையிடம் கேள்வி கேட்பதற்குப் பதிலாக, பிள்ளையை நாளும் பார்ப்பவரிடம் கேட்பது. எத்தனை வயதில் நடந்தான், எப்போது தானே சாப்பிட்டான், சேட்டுக்குப் பொத்தான் பூட்டுகிறானா, றோட்டைத் தனியே கடக்கிறானா, கடைக்குப் போய் மிச்சக் காசு சரியாக வாங்கி வருகிறானா. வயது ஒத்த மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதில் நடிப்பது கடினம். ஒரு மணித்தியாலச் சோதனையில் ஒருவர் நடித்துவிடலாம். பதினாறு வருடம், பெரியம்மாவின் முன்னும் வாத்தியாரின் முன்னும் கடைக்காரரின் முன்னும் ஒரே மாதிரி நடிக்க எந்தப் பிள்ளையால் முடியும்? தாய் ஒருவர் மட்டும் சொன்னால் சந்தேகப்படலாம். ஒருவரையொருவர் காணாத மூவர், வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே கதையைச் சொன்னால் அதற்கு ஒரு பாரம் உண்டு.

அந்தப் பையன் விடயத்தில் அப்படித்தான் செய்தோம். அவனது முதலாம் வகுப்பு ஆசிரியை வவுனியாவில் இருந்தார். அவன் மூன்று வருடம் முதலாம் வகுப்பிலேயே இருந்ததை நினைவாகச் சொல்லி, கடிதம் எழுதித் தந்தார். இடப்பெயர்வுக்கு முன் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு கிழவி, மூன்று வயது கழிந்தும் அவன் தவழ்ந்து திரிந்ததைச் சொன்னார். கிராம சேவையாளர் அவற்றை உறுதிப்படுத்தினார். இவற்றோடு தாய் அவனை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். ஒரு தடவையில் முடியவில்லை. நாலு தடவை பஸ் ஏறிப் போய்வர வேண்டியிருந்தது. கூலிக்குப் போகும் நாளில் நாலு நாள் அவருக்குப் போயிற்று.

இத்தகைய பிள்ளை வீட்டில் இருந்தால், காகிதம் தொலைந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். பழைய ஊரில் அவனை அறிந்தவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே, பெயர், முகவரி, என்ன கண்டார்கள், எந்த வருடம் என்று எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். பிறப்புப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெறலாம். பாடசாலை மாறியிருந்தால் பழைய பாடசாலையின் வரவு இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று அதிபரைக் கேளுங்கள். எதையும் மூலப் பிரதியாகக் கொடுத்துவிட்டு வராமல், நிழற்பிரதியைக் கொடுத்து மூலத்தை வீட்டில் வையுங்கள்.

எமது காதோடு சொன்ன அந்த மனிதரிடமும் நாம் போனோம். ஆசிரியையின் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை, அது அவருக்குரியதல்ல. ஆனால் நீங்கள்தான் அவனைத் தினமும் காண்கிறீர்கள், கடைக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஒருக்கால் பீடி வாங்க விட்டனான் சுவாமி. ஐந்நூறு ரூபாவைக் குடுத்திட்டு மிச்சம் வாங்காமல் வந்திட்டான். நான் அண்டைக்கு அவன் எடுத்திட்டான் எண்டு நினைச்சு அடிச்சுப்போட்டன்,” என்றார்.